அமெரிக்க உள்நாட்டுப் போரை மேசையில் ஆட எந்த விதிநூல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட போரை, சின்னச் சின்னப் படைவீரர் பொம்மைகளை வைத்து மேசைமேல் ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நானும் பல வருடமாக ஆடிவருகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த விதிநூலை வாங்குவது?" என்பதுதான். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தப் புத்தகம் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். அதனால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

இது எப்படிப்பட்ட விளையாட்டு? விதிநூல் என்றால் என்ன?

சதுரங்கத்தில் கட்டங்கள் உண்டு. இதில் கட்டம் கிடையாது. மேசையில் பச்சைத் துணியை விரித்து, மேடுகள், வேலிகள், மரங்கள், ஒரு பண்ணைவீடு என்று ஒரு நிலத்தை அமைக்கிறோம். பொம்மைகளைச் சிறிய அட்டைத் தட்டுகளில் ஒட்டி, நாலைந்து தட்டுகளைச் சேர்த்து ஒரு படைப்பிரிவு ஆக்குகிறோம். எவ்வளவு நகரலாம் என்பதை இஞ்ச் டேப் சொல்லும். சுட்டது பட்டதா, வீரர்கள் நின்றார்களா ஓடினார்களா என்பதைப் பகடை சொல்லும். பகடையில் விழுந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்வதுதான் விதிநூல். ஒரே பொம்மைகள், ஒரே மேசை, ஒரே போர்தான். ஆனால் விதிநூலை மாற்றினால் ஆட்டமே வேறாகிவிடும்.

சரி, முதலில் எதை வாங்குவது?

இதற்குப் பதில் சொல்லும் முன் நான் ஒரு கேள்வி கேட்பேன்: மேசையில் நீங்கள் யாராக இருக்க ஆசைப்படுகிறீர்கள்?

1863 ஜூலை 2, மூன்று நாள் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையின் இரண்டாம் நாள், மாலை நேரம். செமிட்டரி ரிட்ஜ் என்ற முகட்டில் வடக்கின் வரிசையில் ஓட்டை விழுந்துவிட்டது. அலபாமா வீரர்களின் பிரிகேட் ஒன்று அதை நோக்கி ஏறி வருகிறது. அந்த இடத்தில் தளபதி ஹான்காக்கின் கைக்கு எட்டியது ஒன்றாம் மினசோட்டா ரெஜிமென்ட் மட்டும்தான். மொத்தம் 262 பேர். பின்னாலிருந்து உதவிப்படை வந்து சேரச் சில நிமிடங்கள் வேண்டும். அந்தச் சில நிமிடங்களை வாங்க, கர்னல் கால்வில்லிடம் எதிரியின் கொடியைக் காட்டிப் பாயச் சொன்னார் ஹான்காக். 262 பேரும் துப்பாக்கிமுனைக் கத்தியோடு சரிவில் இறங்கினார்கள். செத்தும் காயப்பட்டும் விழுந்தவர்கள் 215 பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஓட்டை அடைபட்டது.

இந்த ஒரே சம்பவத்தை மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்து பார்க்கலாம். நீங்கள் கால்வில் என்றால், உங்கள் உலகமே அந்த 262 பேர்தான். கத்தியை எப்போது நீட்டுவது, ஓடையருகே நின்று சுடுவதா மேலும் பாய்வதா என்பதெல்லாம் உங்கள் கவலை. நீங்கள் ஹான்காக் என்றால், எந்த ரெஜிமென்டை எங்கே பலி கொடுப்பது என்பது கவலை. நீங்கள் படைத்தலைவர் மீட் என்றால், ஒன்றாம் மினசோட்டா உங்கள் கண்ணுக்கே தெரியாது. அந்தப் பக்கம் ஒரு டிவிஷன் தாக்குப்பிடிக்குமா, எந்தக் கோர் படையை நகர்த்துவது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

ஒவ்வொரு விதிநூலும் இந்த நாற்காலிகளில் ஒன்றுக்காக எழுதப்பட்டது. மூன்றிலும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கிறேன் என்று சொல்லும் விதிநூல்களை நான் நம்புவதில்லை. படைத்தலைவராக இருந்துகொண்டு ஒவ்வொரு ரெஜிமென்டும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றும் முடிவு செய்ய வைத்தால், ஆட்டம் நள்ளிரவு வரை இழுக்கும். கெட்டிஸ்பர்க்கின் முதல் நாள் காலைகூட முடிந்திருக்காது. நாற்காலியை முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் பாதிப் பட்டியல் தானாகக் கழிந்துவிடும்.

ரெஜிமென்ட், பிரிகேட், டிவிஷன், கோர்... தலை சுற்றுகிறதே?

கீழிருந்து வாருங்கள். காகிதக் கணக்கில் பத்துக் கம்பெனிகள், ஏறக்குறைய ஆயிரம் பேர் கொண்டது ஒரு ரெஜிமென்ட். நோயும் சண்டையும் தின்றதுபோக, 1863-இல் ஒரு ரெஜிமென்டில் 300, 400 பேர் நின்றாலே அதிகம். நாலைந்து ரெஜிமென்ட் சேர்ந்தால் பிரிகேட். இரண்டு முதல் ஐந்து பிரிகேட் வரை சேர்ந்தால் டிவிஷன். டிவிஷன்கள் சேர்ந்தால் கோர். தெற்கின் டிவிஷன்களும் கோர்களும் பொதுவாக வடக்கினதைவிடப் பெரியவை. கெட்டிஸ்பர்க்கில் வடக்குக்கு ஏழு காலாட்படைக் கோர்கள், தெற்குக்கு மூன்றுதான். அதை வைத்துத் தெற்கின் படை பாதிக்கும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு பிரிகேட், ஒரு டிவிஷன் அளவில் ஆட எந்த விதிநூல்கள்?

பெரும்பாலோர் தேடுவது இதைத்தான். உங்கள் கையில் பத்துப் பன்னிரண்டு ரெஜிமென்டுகள், ஒவ்வொன்றும் தனியாக நகரும், சுடும், ஓடும்.

பழையவர்கள் 'ஜானி ரெப்' என்று ஆரம்பிப்பார்கள். ஜான் ஹில் எழுதி 1980-களில் வந்தது. ஒவ்வொரு ரெஜிமென்டின் பக்கத்திலும் ஓர் உத்தரவுச் சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இரண்டு பேரும் வைத்து முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். நீங்கள் "பாய்" என்று வைத்திருப்பீர்கள். எதிராளி "நின்று சுடு" என்று வைத்திருப்பார். சீட்டைத் திருப்பும் அந்த நொடியில் வரும் படபடப்பை வேறு எந்த விதிநூலிலும் நான் அனுபவித்ததில்லை. விலை என்னவென்றால் நேரம். திருத்தக் கணக்குகள் நிறைய. ஒரு சுற்றுக்கு நிறையப் பொறுமை வேண்டும்.

'ரெஜிமென்டல் ஃபயர் அண்ட் ஃப்யூரி' அதைவிட வேகம். ஒரு ரெஜிமென்ட் நகரும் முன் ஒரு பத்து முகப் பகடையை உருட்டுகிறீர்கள். தளபதி அருகில் இருந்தால் கூட்டல், அடி வாங்கித் தேய்ந்திருந்தால் கழித்தல். வரும் எண்ணைப் பார்த்தால் அந்த ரெஜிமென்ட் உற்சாகமாக நகருமா, தயங்குமா, பின்வாங்குமா என்று தெரிந்துவிடும். ஒரே உருட்டில் உத்தரவும் மனவுறுதியும் முடிந்துபோகிறது. புதியவர்கள் இரண்டாவது சுற்றிலேயே அட்டவணையைப் பார்க்காமல் ஆட ஆரம்பித்துவிடுவார்கள்.

'பிளாக் பவுடர்' 2009-இல் வந்தது. ரிக் பிரீஸ்ட்லியும் ஜெர்விஸ் ஜான்சனும் எழுதியது. இது இந்தப் போருக்கென்று மட்டும் எழுதப்பட்டதல்ல. கறுப்பு வெடிமருந்துக் காலம் முழுவதற்கும் பொது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குத் தனி இணைப்பு நூல் உண்டு. பெரிய மேசை, நாலைந்து நண்பர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றால் இதைத்தான் எடுப்பேன். நுணுக்கம் வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. டேவ் பிரவுன் எழுதிய 'பிக்கெட்ஸ் சார்ஜ்' அவர்களுக்குப் பிடிக்கும்.

சாம் முஸ்தபாவின் 'லாங்ஸ்ட்ரீட்' தனி ரகம். சீட்டுக்கட்டை வைத்து ஓடும் ஆட்டம். 1861-இல் சின்னப் படையோடு ஆரம்பித்து, போர் முடியும் வரை ஒரே தளபதியாக வளர்ந்து வருவீர்கள். வாரம் ஒருமுறை தவறாமல் கூடும் குழு இருந்தால் இதைவிட நல்லது கிடையாது. குழு நிலையில்லாமல் இருந்தால் வாங்க வேண்டாம்.

முழு கெட்டிஸ்பர்க்கையும் ஒரே நாளில் ஆட முடியுமா?

முடியும். ஆனால் ரெஜிமென்டை மறந்துவிட வேண்டும்.

ரிச் ஹாஸனாவர் 1990-இல் வெளியிட்ட 'ஃபயர் அண்ட் ஃப்யூரி'யில் பிரிகேட்தான் அடிப்படை அலகு. ஒரு தட்டு ஏறக்குறைய இருநூறு பேர். பிரிகேட் அடி வாங்க வாங்கப் புத்துணர்ச்சி, தேய்ந்தது, ஓய்ந்தது என்று மூன்று நிலைகளில் இறங்கும். ஓய்ந்த பிரிகேடை முன்னால் தள்ளுவது எவ்வளவு கடினம் என்று ஒரு ஆட்டம் ஆடினாலே புரிந்துவிடும். கெட்டிஸ்பர்க்கின் ஒரு நாள் சண்டையை ஒரு நாளில் முடிக்கலாம்.

மூன்று நாளும் ஒரே மேசையில் வேண்டும் என்றால் கிரெக் வாக்மனின் 'ஆல்டர் ஆஃப் ஃப்ரீடம்'. ஒரு பிரிகேடுக்கு ஒரே ஒரு தட்டு, 6 மில்லிமீட்டர் பொம்மைகள். உங்கள் கையில் குறிப்பிட்ட அளவு புள்ளிகள் இருக்கும். எந்தத் தளபதிக்கு எவ்வளவு என்று எதிராளிக்குத் தெரியாமல் ஏலம் கேட்பதுபோல் பங்கிட வேண்டும். யாருக்கு அதிகமோ அவர் முதலில் நகர்வார். எல்லா இடத்துக்கும் போதுகிற அளவு புள்ளி ஒருபோதும் இருக்காது. மீட்டின் நாற்காலியில் உட்கார ஆசைப்படுபவர்களுக்கு இதுதான்.

நாற்பது ஐம்பது பொம்மைதான் இருக்கிறது. ஆடலாமா?

தாராளமாக. 'ஷார்ப் பிராக்டிஸ்' என்ற விதிநூல் சிறு மோதலுக்கானது. ஒரு பாலம், ஒரு பண்ணை, முப்பது நாற்பது பேர், அவ்வளவுதான். தலைவர்களின் பெயருள்ள வில்லைகளைப் பையில் போட்டு ஒவ்வொன்றாக உருவ வேண்டும். யார் வில்லை வருகிறதோ அவர் நகர்வார். சுற்றை முடித்துவைக்கும் வில்லைக்கு அவர்கள் வைத்த பெயர் 'டிஃபின்'. நம் பக்கத்தில் இருந்த ஆங்கிலேயர்கள் புழங்கிய சொல், பென்சில்வேனியாப் பண்ணைச் சண்டையில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும். 'ரெபெல்ஸ் அண்ட் பேட்ரியட்ஸ்' இன்னும் எளிது. பன்னிரண்டு பேர் கொண்ட குழு நாலைந்து இருந்தால் போதும். பிள்ளைகளோடு ஆட நினைப்பவர்கள் இதில் ஆரம்பிக்கலாம்.

என் படை எனக்கே கீழ்ப்படியாமல் நிற்கிறது. இது என்ன நியாயம்?

எல்லாக் கேள்விகளிலும் நான் அதிகமாகப் பேச விரும்புவது இதைத்தான்.

பிளாக் பவுடரில் உத்தரவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இந்த பிரிகேட் அந்த வேலி வரை போய், எதிரில் நிற்கும் ரெஜிமென்டின் பக்கவாட்டில் சேர வேண்டும்." சொல்லிவிட்டு இரண்டு ஆறு முகப் பகடைகளை உருட்ட வேண்டும். தளபதியின் தகுதி எண் 8 என்றால், கூட்டுத்தொகை 8 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். முப்பத்தாறில் இருபத்தாறு வாய்ப்பு, அதாவது 72 சதவீதம். எண் எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப ஒன்று, இரண்டு, மூன்று நகர்வு கிடைக்கும். தவறினால் அந்தத் தளபதி அந்தச் சுற்றில் வேறு யாருக்கும் உத்தரவு போட முடியாது. இரண்டு ஆறு விழுந்தால் குளறுபடி. படை வேறு எங்காவது போய்விடும்.

ஒரு ஆட்டத்தில் என் நண்பனின் பிரிகேட் நாலு சுற்று அசையவே இல்லை. ஒரு ஓடைக்கரையில், எதிரியிடமிருந்து ஒரு முழ தூரத்தில், அப்படியே நின்றது. "மச்சான், இவனுங்க நகரவே மாட்டேங்கிறானுங்கடா" என்று பகடையைக் கீழே வைத்தான். அவனுடைய எரிச்சல் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த எரிச்சல்தான் இந்தப் போரின் உண்மை.

1863 செப்டம்பர் 20, சிக்கமாகா சண்டை. வரிசையில் ஓர் இடைவெளி இருக்கிறது என்று வடக்கின் தலைவர் ரோஸ்கிரான்ஸுக்குத் தகவல் வருகிறது. பக்கத்து டிவிஷனோடு நெருங்கிச் சேர்ந்துகொள் என்று உட் என்ற தளபதிக்கு உத்தரவு போகிறது. உண்மையில் அங்கே இடைவெளி இல்லை. நடுவே இன்னொரு டிவிஷன் காட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. உட் உத்தரவுப்படி தன் படையை வரிசையிலிருந்து உருவிக்கொண்டு நகர்ந்தார். அப்போதுதான் நிஜமான ஓட்டை விழுந்தது. அதே வேளையில் தெற்குத் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் படை அந்த இடத்தைப் பார்த்துப் பாய்ந்தது. வடக்கின் வலப்பக்கம் நொறுங்கியது. அங்கே யாரும் கோழையில்லை, யாரும் கீழ்ப்படியாமல் இல்லை.

கெட்டிஸ்பர்க்கின் முதல் நாள் மாலை இன்னொன்று. செமிட்டரி ஹில் என்ற மேட்டை இயலுமானால் பிடிக்கச் சொல்லி, தெற்குத் தளபதி ஈவலுக்கு அவர்களின் படைத்தலைவர் லீயிடமிருந்து உத்தரவு. ஈவலுக்கு இயலும் என்று தோன்றவில்லை. மறுநாள் சிக்கிள்ஸ் என்ற வடக்குத் தளபதி, யாரும் சொல்லாமலே தன் கோரை முக்கால் மைல் முன்னே நகர்த்திப் பீச் பழத்தோப்பில் கொண்டுபோய் நிறுத்தினார்.

வானத்திலிருந்து பார்ப்பதுபோல் மேசை முழுவதும் உங்களுக்குத் தெரிகிறது. ஈவலுக்கும் உட்டுக்கும் தெரியவில்லை. அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட விதிநூல் ஏதாவது ஒரு வழி வைத்திருக்க வேண்டும். கவிழ்த்த சீட்டோ, பகடையோ, ஏலப் புள்ளியோ, எது வேண்டுமானாலும் இருக்கட்டும். நீங்கள் நினைத்ததெல்லாம் நினைத்தபடி நடக்கிற விதிநூல் என்றால், அதில் பொம்மைகள் அணிந்திருக்கும் வடக்கின் நீலமும் தெற்கின் சாம்பலும் வெறும் சாயம்தான்.

துப்பாக்கி எவ்வளவு தூரம் சுட வேண்டும்? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே?

ஆமாம், இதில் வரலாற்றாசிரியர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. வடக்கில் அதிகம் புழங்கியது ஸ்பிரிங்ஃபீல்டு. இரண்டு பக்கமும் இறக்குமதி செய்தது 1853 மாதிரி என்ஃபீல்டு. 1857-இல் தோட்டாக் கொழுப்புக்காக இந்தியச் சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்களே, அதே துப்பாக்கிதான். குழலுக்குள் மரை இருப்பதால் 500 கஜம் வரை குறிவைக்கலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கை நம்பிய பழைய விதிநூல்கள் நீண்ட தூரத்திலேயே ஆட்களைக் கொன்று குவிக்கும்.

வரலாற்றாசிரியர் பேடி கிரிஃபித்தும் அவருக்குப் பின் எர்ல் ஹெஸ்ஸும் வேறு மாதிரி சொன்னார்கள். அந்தக் குண்டு வில்லாக வளைந்து போகும். 300 கஜத்துக்குக் குறிவைத்தால் நடுவழியில் நிற்பவன் தலைக்கு மேலே போய்விடும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடப் பயிற்சி பெற்றவர்கள் மிகக் குறைவு. காடு, புகை, மேடுபள்ளம் எல்லாம் வேறு. பெரும்பாலான சண்டைகள் நூறு கஜத்தை ஒட்டித்தான் நடந்தன என்பது அவர்கள் வாதம். நான் இந்தப் பக்கம்தான். அதனால் விதிநூலைத் திறந்ததும், நீண்ட தூரச் சூடு பெரிய சேதம் செய்கிறதா, இல்லை எதிரியைத் தயங்க வைக்க மட்டும் செய்கிறதா என்று பார்ப்பேன்.

எவ்வளவு பெரிய பொம்மை? எவ்வளவு பெரிய மேசை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 350 பேர் கொண்ட ரெஜிமென்ட் இரண்டு வரிசையாக நின்றால் ஒரு வரிசைக்கு 175 பேர். ஆளுக்கு இரண்டடி இடம் என்றால் 350 அடி, அதாவது 115 கஜத்துக்குக் கொஞ்சம் மேலே. இதையே 28 மில்லிமீட்டர் பொம்மையில் 24 பேராக இரண்டு வரிசையில் நிறுத்தினால் மேசையில் ஒன்பதரை அங்குலம் பிடிக்கும். அப்படியென்றால் ஓர் அங்குலம் ஏறக்குறைய 12 கஜம். ஆறுக்கு நாலு அடி மேசையின் ஆழம் 48 அங்குலம், வெறும் 580 கஜம். கெட்டிஸ்பர்க்கின் மூன்றாம் நாள் தெற்குத் தளபதி பிக்கெட்டின் ஆட்கள் நடந்து கடந்த வெட்டவெளி ஏறக்குறைய முக்கால் மைல், 1,320 கஜம். ஒன்பதடி ஆழம் இருந்தால்தான் அதை அப்படியே வைக்க முடியும். ஒன்பதடி ஆழ மேசையின் நடுவே யார் கை எட்டும்?

அதனால் சாப்பாட்டு மேசைதான் இருக்கிறது என்றால் 6 அல்லது 10 மில்லிமீட்டர். நிலப்பரப்பு கண்ணுக்கு நிறைவாக இருக்கும், ரெஜிமென்ட் ரெஜிமென்டாகவே தெரியும். 15 மில்லிமீட்டர் நடுவாந்திரம். ஒவ்வொரு முகத்துக்கும் தாடி வரைய ஆசை இருந்தால் 28 வாங்குங்கள், ஆனால் சின்னச் சண்டைகளை ஆடுங்கள். ஒரு விதிநூல் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு எழுதப்பட்டிருந்தாலும் அங்குலங்களைப் பாதியாக்கியோ சென்டிமீட்டராக மாற்றியோ சமாளித்துவிடலாம். பொம்மையின் உயரத்தைப் பார்த்து விதிநூலைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

ஆறு முகப் பகடை நல்லதா, பத்து முகமா?

இரண்டும் ஒன்றுதான். பை நிறையப் பகடை உருட்டும் விதிநூலில் முடிவுகள் சராசரியை ஒட்டி வரும். ஒரே பகடை என்றால் ஏற்றத்தாழ்வு அதிகம். அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

பீரங்கியையும் குதிரைப்படையையும் பற்றிச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு பவுண்டு நெப்போலியன் பீரங்கி 1,600 கஜம் வரை எட்டும். ஆனால் அது உயிர்களைக் குடித்தது கிட்டத்தில், தகர டப்பாவில் இரும்புக் குண்டுகளை அடைத்துச் சுட்டபோதுதான். பிக்கெட்டின் தாக்குதலுக்கு முன் தெற்கின் சுமார் 150 பீரங்கிகள் முழங்கின. பெரும்பாலான குண்டுகள் வடக்கின் முன்வரிசையைத் தாண்டிப் பின்னால் விழுந்தன. நல்ல விதிநூலில் தூரச் சூட்டுக்கும் கிட்டச் சூட்டுக்கும் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும். பேட்டரி என்ற பீரங்கிப் பிரிவில் வடக்கினுடையதற்கு ஆறு பீரங்கி, தெற்கினுடையதற்குப் பெரும்பாலும் நாலு என்பதையும் கவனித்திருக்க வேண்டும்.

குதிரைப்படை இந்தப் போரில் பெரும்பாலும் இறங்கி நின்று சுட்டது. நாலு பேரில் ஒருவர் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். கெட்டிஸ்பர்க்கின் முதல் காலையில் வடக்குத் தளபதி பியூஃபோர்டின் இரண்டு பிரிகேடுகள் தெற்கின் காலாட்படையை அப்படித்தான் தாமதப்படுத்தின. நெப்போலியன் காலத்து விதிநூலை அப்படியே பயன்படுத்தினால் குதிரைகள் காலாட்படையை மிதித்துத் தள்ளும். அது இந்தப் போர் அல்ல.

தெற்கு வீரர்களுக்கு எப்போதும் கூடுதல் புள்ளி கொடுக்கிறார்களே, சரியா?

சரியில்லை. இதை அழுத்தியே சொல்கிறேன்.

சில விதிநூல்களில் தெற்கு வீரன் என்றாலே பாய்ச்சலில் ஒரு கூட்டல், தெற்குத் தளபதி என்றாலே தகுதியில் ஒரு கூட்டல். போர் முடிந்த பின் தோற்ற தரப்பு தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட கதையின் எச்சம் இது. வீரத்தில் மிஞ்ச ஆளில்லை, எண்ணிக்கையில்தான் தோற்றோம் என்பது அந்தக் கதை. அதற்குள்ளேயே இன்னொரு பொய்யும் ஒளிந்திருக்கிறது: போர் அடிமைமுறைக்காக நடக்கவில்லை என்பது. மிசிசிப்பி மாநிலம் 1861-இல் பிரிந்துபோனபோது வெளியிட்ட அறிக்கையே, தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு பிணைந்தது என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

1862-63-இல் லீயின் படையில் தேர்ந்த பிரிகேடுகள் இருந்தன, மறுக்கவில்லை. அந்த பிரிகேடுகளுக்கு நல்ல எண் கொடுங்கள். ஆனால் 1863 நவம்பர் 25-ஆம் தேதி மிஷனரி ரிட்ஜில், மலையடியோடு நிற்கச் சொன்ன உத்தரவையும் தாண்டி வடக்கின் வீரர்கள் செங்குத்தாக ஏறியபோது, மேலே இருந்த தெற்கின் வரிசை உடைந்து ஓடியது. அந்த நாளில் அந்தக் கூட்டல் புள்ளியை எங்கே வைப்பது? படையைப் பார்த்து, ஆண்டைப் பார்த்து, அன்றைக்கு அது எத்தனை மைல் நடந்து வந்தது என்று பார்த்து எண் கொடுக்கிற விதிநூல்தான் நேர்மையானது.

வடக்கில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பின வீரர்கள் படையில் சேர்ந்தார்கள். 1863 ஜூலை 18-இல் வாக்னர் கோட்டையின் மணல்மேட்டில் ஏறிய 54-ஆம் மாசசூசெட்ஸ் பலருக்குத் தெரியும். 1864 டிசம்பரில் நாஷ்வில்லில் கறுப்பின ரெஜிமென்டுகள் மேட்டை நோக்கி ஏறி, பெரும் இழப்போடு திரும்பியது அவ்வளவாகத் தெரியாது. இவர்களைப் "பயிற்சியில்லாத படை" என்று ஒரே வரியில் கழித்துக்கட்டும் பட்டியலைப் பார்த்தால், அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு நானே எண் எழுதிக்கொள்வேன். தெற்கின் படையை யாராவது ஆடித்தான் ஆக வேண்டும், நானும் ஆடுகிறேன். எதற்காகப் போரிட்டார்கள் என்பதை மறைக்காமல் ஆட முடியும்.

தனியாக ஆடலாமா?

ஆடலாம். சீட்டோ வில்லையோ உருவி யார் நகர்வது என்று முடிவாகும் விதிநூல்கள் இதற்குப் பொருத்தம். ஜானி ரெப் போலக் கவிழ்த்த சீட்டுகளை நம்பியிருப்பவை உதவாது. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

வாங்கும் முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

பொம்மைக்குப் பணம் போடும் முன் அட்டையில் வெட்டிய துண்டுகளை வைத்து ஒரு சண்டை ஆடிப் பாருங்கள். நான் எப்போதும் எடுப்பது பிராவ்னர் பண்ணை. 1862 ஆகஸ்ட் 28, விர்ஜீனியா, பொழுது சாயும் நேரம். சாலையில் நடந்து போய்க்கொண்டிருந்த வடக்கின் கிப்பனுடைய பிரிகேட் மேல் தெற்கின் ஜாக்சனுடைய படை திரும்பியது. ஒரு பக்கம் மூன்று விஸ்கான்சின் ரெஜிமென்டுகள், ஓர் இந்தியானா ரெஜிமென்ட். எதிரில் ஐந்து விர்ஜீனியா ரெஜிமென்டுகள். பிறகு இரண்டு பக்கமும் கொஞ்சம் உதவிப்படை. ஒரு பண்ணைவீடு, ஒரு பழத்தோட்டம், ஒரு வேலி. ஏறக்குறைய 80 கஜ இடைவெளியில் நின்று, இருட்டும் வரை இரண்டு மணி நேரம் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். மூன்றில் ஒருவர் விழுந்தார். யாரும் முன்னேறவும் இல்லை, ஓடவும் இல்லை.

இதை உங்கள் விதிநூலில் ஆடுங்கள். இரண்டாவது சுற்றிலேயே ஒரு பக்கம் சிதறி ஓடினால் அதன் மனவுறுதி விதி இந்தப் போருக்கு ஒத்துவராது. பத்துச் சுற்று சுட்டும் ஆளுக்கு ஒரு தட்டுதான் குறைந்தது என்றால் சூட்டு விதி பலவீனம். இரண்டு வரிசையும் பாதி கரைந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி அப்படியே நின்றால், அந்தப் புத்தகத்தைத் தைரியமாக வாங்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தாலும் யோசியுங்கள். இது ஒரு பிரிகேட் சண்டைதான். டிவிஷன் என்றால் ஒரு முழு நாள் போய்விடும்.

1864-இல் நடக்கும் சண்டைகளை ஆட நினைப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: மண் அரண். ஸ்பாட்சில்வேனியாவில் மே 10 அன்று வடக்கின் அப்டன் பன்னிரண்டு ரெஜிமென்டுகளை நெருக்கமாக அடுக்கி, வழியில் நின்று சுடாமல் நேரே அரணுக்குள் பாய வைத்தார். உங்கள் விதிநூலில் அது முடியுமா, முடிந்தால் பலன் உண்டா?

ஆட்டம் ஆரம்பிக்கும் முன் எதிராளியோடு என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

எந்த விதிநூலிலும் எல்லாம் எழுதியிருக்காது. நிலத்தைப் பற்றித்தான் சண்டை வரும். மேசையைச் சுற்றி ஒருமுறை இருவரும் சேர்ந்து நடந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பேசுங்கள். இந்தக் காட்டுக்குள் எத்தனை அங்குலம் வரை பார்க்கலாம்? இந்த வேலி கல்லா மரமா, பின்னால் நிற்பவனுக்கு மறைப்பு உண்டா? ஓடையை எங்கும் கடக்கலாமா, பாலத்தில் மட்டுமா? மேட்டின் உச்சி எது? வீட்டுக்குள் எத்தனை தட்டு கொள்ளும்? எத்தனையாவது சுற்றில் இருட்டுகிறது? பதில்களை ஒரு தாளில் எழுதி மேசை ஓரத்தில் வைத்துவிடுங்கள். அப்புறம் முதல் பகடையை உருட்டலாம்.